கணினியின் கீழ்க்குளம்



வன்னிப் பெருநிலத்தின் செல்வம் யாதென வினவினால், குளம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். கிளிநொச்சியில் கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுவும், முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளமும் வவுனிக்குளமும் நாடறிந்த பெருங்குளங்கள். இவற்றின் புகழுக்குள் மறைந்து, வெளியூரார் பெயரும் அறியாத சிறுகுளங்கள் மிகப் பல. மேட்டிலுள்ள குளம் நிறைந்து வான் பாயும்போது, அந்நீர் வீணே கடலை நாடிவிடாதபடி கீழேயுள்ள குளம் அதனை ஏந்திக்கொள்கிறது. எல்லா நீரையும் ஒரே இடத்தில் தேக்க முற்பட்டால் அணைக்கட்டுக்கே ஆபத்து என்பதை அறிந்த முன்னோர் செய்த ஏற்பாடு இது.

இவ்வேற்பாட்டை இன்று வேறொரு துறையிலும் கைக்கொள்ள வேண்டிய நிலை பிறந்திருக்கிறது. கணினியைத் தொழிலுக்கும் கல்விக்கும் பயன்படுத்தும் வன்னி இளைஞர்கள் பலர் அடிக்கடி முறையிடுவது ஒன்று உண்டு: ‘இடம் போதவில்லை’ என்பதே அது. வீட்டுப் படம் வரையவும், திருமண அழைப்பிதழும் திருவிழா அறிவித்தலும் அமைக்கவும் பயன்படும் வடிவமைப்பு மென்பொருள்கள் கணினியில் மிகுந்த இடத்தை வேண்டுவன. இருக்கும் இடமோ சிறிது. இந்நெருக்கடியில் எதைச் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணினியின் களஞ்சியம் தொடக்கத்தில் எத்தகையதாக இருந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். 1956ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வன்தட்டு பொருந்திய முதற் கணினியை வெளியிட்டது. அதில் இரண்டடி விட்டமுடைய 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து ஏந்தியவை ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படமே அவ்வளவு இடத்தைக் கொள்ளக்கூடும். களஞ்சியம் பெருகப் பெருக, அதில் நிரப்பப்படும் பொருளும் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஓட்டோகாட் என்னும் வரைபட மென்பொருளின் அண்மைய பதிப்புகள் 10 கிகாபைற் அளவான இடத்தை வேண்டுகின்றன. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோஷொப்பும் இன்று பல கிகாபைற் கொள்ளும் பேருருவாகிவிட்டது.

வன்னிக்கு இத்தகைய மென்பொருள்களால் ஆவது என்ன என்று எவரும் எண்ணிவிடுதல் கூடாது. 2013ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பத் துறை தொடங்கப்பெற்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. அதே அறிவியல் நகரில் இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இக்கல்விக்கூடங்களை நோக்கி நடக்கும் பிள்ளைகளுக்கு, உழவனுக்குக் கலப்பை எத்தகையதோ அத்தகையது வடிவமைப்பு மென்பொருள்.

இனி, வன்னிச் சிற்றூர் எதிலும் காணத்தக்க ஓர் இளைஞனை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். உயர்தரம் முடித்துவிட்டு, அச்சகமொன்றுக்கு அழைப்பிதழ்கள் வடிவமைத்துக் கொடுத்து நாட்கூலி தேடுபவன் அவன். வீட்டிலே தாயும் தங்கையும். அவனிடம் உள்ளது ஒருவர் பாவித்து விற்ற மடிக்கணினி. புதியது வாங்க அவன் எண்ணியிருந்த காலத்தில்தான் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. ஆகவே பழைய கணினியே கதியாயிற்று.

ஒருநாள் அச்சகத்தார் அவனுக்கு வீட்டுப் படமொன்றை வரையும் வேலை கொடுத்தனர். அதற்கு வேண்டிய மென்பொருளை நிறுவ முயன்றபோது, சி டிரைவில் இடமில்லை என்று கணினி மறுத்துவிட்டது. இடம் செய்ய வேண்டும். எதையாவது அழிக்க வேண்டும். அவன் கண்ணிற்பட்டது பழைய படங்கள் அடங்கிய ஒரு கோப்புறை.

“அம்மா, கொம்பியூட்டரில இடமில்லை. பழைய படங்களை அழிக்கப் போறன்” என்றான்.

அடுப்படியில் நின்ற தாய் திரும்பிப் பார்த்தாள். “எந்தப் படங்கள் தம்பி? அண்ணாவின்ர படத்தையுமோ?” என்று கேட்டாள்.

இக்கேள்வியின் பாரத்தை வன்னியில் வாழ்வோர் அறிவர். 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கையில் எடுத்ததையும் வழியில் விட்டு, முடிவில் முகாமை அடைந்த குடும்பங்கள் எண்ணற்றவை. வீடு போயிற்று, பெட்டி போயிற்று, பெட்டிக்குள் இருந்த படத்தொகுப்பும் போயிற்று. பின்னர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த உறவினரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்றுக் கணினியில் ஏற்றிவைத்த படங்களே, மறைந்தவர்களின் முகத்தைக் காட்டும் ஒரே சாட்சியாகப் பல இல்லங்களில் எஞ்சியுள்ளன. அந்தத் தாய்க்கு அக்கோப்புறை மூத்த மகனின் முகம்.

இளைஞன் கையை எடுத்துக்கொண்டான். மறுநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு, தான் கற்ற பாடசாலையின் தகவல் தொழினுட்ப ஆசிரியையிடம் சென்றான்.

ஆசிரியை முதலிற் செய்தது எதையும் அழிப்பதன்று, அளப்பது. அக்கோப்புறையில் இருந்தவை ஏறக்குறைய 60 படங்கள். ஒவ்வொன்றும் 5 மெகாபைற் அளவினது. எல்லாம் சேர்ந்து 300 மெகாபைற். மென்பொருளுக்கோ 10 கிகாபைற் தேவை. அதாவது, அண்ணனின் முகத்தை அழித்திருந்தாலும், தேவைப்பட்ட இடத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே கிடைத்திருக்கும். “தம்பி, உங்கட வீட்டில விலைமதிப்பில்லாத பொருள்தான் ஆகக் குறைந்த இடத்தைப் பிடிச்சிருக்கு” என்றாள் ஆசிரியை.

அப்படியாயின் இடத்தை நிறைத்திருந்தவை எவை? இணையத்திலிருந்து இறக்கிய நிறுவற் கோப்புகள், நிறுவி முடிந்த பின்னும் பதிவிறக்கக் கோப்புறையில் கிடந்தன. பலமுறை பார்த்து முடிந்த திரைப்படங்கள் கிடந்தன. அழித்தவை யாவும் குப்பைத்தொட்டியில் அழியாமற் குவிந்திருந்தன. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்தபோது கழித்துவிட்ட பழைய பதிப்பும், தற்காலிகக் கோப்புகளும் வேறு. விண்டோஸின் அமைப்புகளில் சேமிப்பகம் என்னும் பகுதியைத் திறந்தால், எது எவ்வளவு இடத்தைக் கொண்டுள்ளது என்று கணினியே கணக்குக் காட்டும். அக்கணக்கைக் காணாமல் அழிக்கத் தொடங்குவது, இருட்டறையில் வாள் வீசுவதை ஒக்கும்.

இவற்றை அகற்றியதில் ஓரளவு இடம் பிறந்தது. எனினும் அது நிலைத்து நிற்கும் இடமன்று. காரணம், அக்கணினியில் இரண்டு தட்டுகள் இருந்தன. சி டிரைவ் 128 கிகாபைற் கொள்ளும் எஸ்.எஸ்.டி. தட்டு, விரைவு மிக்கது, ஆயினும் சிறியது. டி டிரைவ் 1000 கிகாபைற் கொள்ளும் சுழல் வன்தட்டு, வேகம் குறைந்தது, ஆயினும் விசாலமானது. (128 என்று எழுதியிருக்க, கணினி 119 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரை ஐயுற வேண்டியதில்லை. செய்பவர் ஆயிரமாயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, வேறுபாடு அவ்வளவே.) மேற்குளம் நிரம்பி வழிய, கீழ்க்குளம் வறண்டு கிடந்த கதைதான் அங்கே நிகழ்ந்திருந்தது.

தட்டுக்குச் சி என்னும் பெயர் வந்த வரலாற்றையும் ஆசிரியை அவனுக்குக் கூறினாள். ஏ, பி என்னும் இரண்டு எழுத்துக்களும் முற்காலத்து நெகிழ்வட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னர் வந்த வன்தட்டுக்கு மூன்றாம் எழுத்துக் கிடைத்தது. நெகிழ்வட்டு மறைந்தது, எழுத்து நிலைத்துவிட்டது. பெரும்பாலான மென்பொருள்கள், வேறு கட்டளை இல்லாவிடின், அந்தச் சி டிரைவிலேயே போய்க் குடியேறுகின்றன. அவற்றைக் கீழ்க்குளத்துக்குத் திருப்பும் துருசு எது என்பதை அறிந்துகொள்வதே இங்கு வேண்டப்படும் அறிவு.

அத்துருசு திறப்பது நிறுவும் வேளையில்தான். மென்பொருளை நிறுவும்போது, எந்த இடத்தில் நிறுவ வேண்டும் என்று ஒரு கேள்வி திரையில் எழும். பலர் அதனை வாசியாமலே ‘அடுத்து’ என்பதை அழுத்திச் சென்றுவிடுகின்றனர். அவ்விடத்திலே நின்று, சி என்றிருப்பதை டி என்று மாற்றி, அங்கு தனிக் கோப்புறை ஒன்றைக் காட்டிவிட்டால் காரியம் முடிந்தது. அடோபி நிறுவனத்தின் மென்பொருள்களுக்கு இக்கேள்வி வெளிப்படையாக எழுவதில்லை. அவற்றை நிறுவித் தரும் கிரியேட்டிவ் கிளவுட் என்னும் செயலியின் விருப்பத் தெரிவுகளுக்குள்ளே, நிறுவும் இடத்தை முன்கூட்டியே மாற்றிவைக்க வேண்டும்.

முன்னரே சி டிரைவில் நிறுவிய மென்பொருளை என் செய்வது? இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். அக்கோப்புறையை வெட்டி எடுத்து டி டிரைவில் ஒட்டிவிட்டால் போதும் என்று கருதுகின்றனர். அவ்வாறு செய்த மறுகணமே மென்பொருள் திறக்க மறுக்கும். ஏனெனில் ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது, தான் குடியிருக்கும் முகவரியை விண்டோஸின் பதிவேட்டில் பல இடங்களில் எழுதிவைக்கிறது. குடியானவனை இரவோடிரவாக வேறு காணிக்கு மாற்றிவிட்டு, உறுதியில் பழைய காணியின் பெயரையே விட்டுவைத்தால் எத்தகைய வழக்கு எழுமோ, அத்தகைய வழக்கு இங்கும் எழும். முறைப்படி நீக்கிவிட்டு, டி டிரைவில் முறைப்படி மீண்டும் நிறுவுவதே நேர்வழி. நீக்குவதற்கு முன், உரிமக் குறியீடும் கணக்கின் கடவுச்சொல்லும் கைவசம் உள்ளனவா என்று உறுதிசெய்துகொள்ளல் வேண்டும்.

மென்பொருள் டி டிரைவில் அமர்ந்துவிட்டால், சி டிரைவில் அதன் சுவடே இராது என்று எண்ணுதலும் தவறு. பொதுப் பயன்பாட்டுக் கோப்புகளும், பயனரின் அமைப்புகளும், தற்காலிகக் கோப்புகளும் சி டிரைவிலேயே தங்கும். ஆகவே சி டிரைவில் எப்பொழுதும் ஓரளவு இடத்தை வெறுமையாக விட்டுவைப்பது அவசியம். மாரி தொடங்குமுன் குளத்தில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைப்பது எதற்காகவோ, அதற்காகவே இதுவும்.

போட்டோஷொப் போன்ற மென்பொருள்களுக்கு மற்றொரு தேவையும் உண்டு. பெரிய படத்தில் வேலை செய்யும்போது கணினியின் நினைவகம் போதாவிட்டால், அவை வன்தட்டின் ஒரு பகுதியைக் கரும்பலகை போல எழுதி எழுதி அழித்துப் பயன்படுத்துகின்றன. இந்தத் தற்காலிகப் பரப்பையும் அவை முதலில் சி டிரைவிலேயே தேடும். அங்கு இடமில்லையெனில், வேலை நடுவழியில் நிற்கும். சிலவேளை மென்பொருளே திறவாது. விருப்பத் தெரிவுகளிற் சென்று இப்பரப்பை டி டிரைவுக்கு மாற்றலாம். திறக்கவே மறுக்கும் நிலையில், கொன்ரோல், ஓல்ட் என்னும் இரு விசைகளையும் அழுத்திப் பிடித்தவாறு மென்பொருளைத் தொடக்கினால், அத்தெரிவு முன்னதாகவே திரையில் தோன்றும். இளைஞனின் இடர்ப்பாட்டிற் பாதி இந்த ஒரு மாற்றத்தால் தீர்ந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு என்பதை ஆசிரியை மறைக்கவில்லை. சுழல் வன்தட்டு மெல்ல இயங்குவது. அங்கு நிறுவிய மென்பொருள் திறப்பதற்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். ஆகவே நாள்தோறும் பலமுறை பயன்படும் ஒன்றைச் சி டிரைவில் விட்டு, இடையிடையே பயன்படுவனவற்றையும், முடிந்த வேலைகளையும், எழுத்துருத் தொகுதிகளையும், படங்களையும் டி டிரைவுக்கு அனுப்புவது நன்று. வெளியே பொருத்தும் வன்தட்டிலும் மென்பொருளை நிறுவ முயலலாம். ஆனால் அதைக் கழற்றிய கணமே மென்பொருளும் போய்விடும். மீண்டும் பொருத்தும்போது கணினி அதற்கு வேறோர் எழுத்தை வழங்கிவிட்டாலும் முகவரி பிழைக்கும். வேலை நடுவே மின்சாரம் நின்றால், வெளித்தட்டிலுள்ள கோப்புகள் பழுதுறவும் கூடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டதை அனுபவித்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இடம் சிறிதாயின் சிறிய மென்பொருளைத் தேர்தலும் அறிவுடைமையே. இன்க்ஸ்கேப், கிம்ப், பிளெண்டர் என்பன விலையின்றிக் கிடைப்பவை. ஒப்பளவிற் சிறிய இடத்தில் அடங்குபவை. பிளெண்டரை நிறுவாமலே, ஒரு கோப்புறையில் விரித்து எந்தத் தட்டிலிருந்தும் இயக்கலாம். தகுதியுடைய மாணவர்க்கு ஓட்டோகாட்டையும் அதன் நிறுவனம் கல்விக்காகக் கட்டணமின்றி வழங்குகிறது. திருட்டுப் பிரதிகளைத் தேடி நோய்க்கிருமிகளைக் கணினிக்குள் வரவேற்க வேண்டிய தேவை மாணவருக்கு இல்லை.

மாலைக்குள் வேலை முடிந்தது. மென்பொருள் டி டிரைவில் அமர்ந்தது. இளைஞன் மகிழ்ந்து, “ரீச்சர், அண்ணாவின்ர படங்களையும் டீக்கு மாத்தி விடட்டே? அங்கதான் பாதுகாப்பு” என்றான்.

அவ்வளவு நேரமும் அமைதியாகக் கற்பித்த ஆசிரியை அப்போதுதான் குரலை உயர்த்தினாள். “மாத்துறது பாதுகாப்பில்லைத் தம்பி. ரெண்டிடத்தில இருக்கிறதுதான் பாதுகாப்பு” என்றாள்.

நேயர்கள் இப்பேச்சில் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வதாயின், இதனையே கொள்ளல் வேண்டும். இரண்டாம் தட்டு வேறு. இரண்டாம் பிரதி வேறு. மேற்குளத்து நீர் வேறு, கீழ்க்குளத்து நீர் வேறு. மேற்குளம் உடைந்தால், அதில் இருந்த நீரைக் கீழ்க்குளத்திற் சென்று தேட இயலாது. கோப்பு ஒன்றை டி டிரைவுக்கு நகர்த்தினால், அது இடம் மாறியதேயன்றிப் பெருகியதன்று. அந்தத் தட்டு பழுதுற்றால் அதனோடு அதுவும் அழியும். பல கணினிகளில் சி, டி என இரண்டாகக் காட்டப்படுவன உண்மையில் ஒரே தட்டின் இரு பகுதிகளாகவும் இருக்கும். அங்கே ஒன்றுக்கு வந்த கேடு மற்றதையும் விடாது. ஒரே மடிக்கணினிக்குள் இரண்டு தட்டுகள் இருந்தாலும், கணினி களவுபோனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மென்பொருளுக்கு இரண்டாம் பிரதி வேண்டியதில்லை. அழிந்தால் மீண்டும் பெற்று நிறுவலாம். மறைந்தவரின் படத்தை எந்த நிறுவனமும் மீண்டும் தராது. இந்த வேறுபாட்டை வன்னி உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உண்பதற்கான நெல்லையும் விதைநெல்லையும் அவன் ஒருபோதும் ஒன்றாகக் கலப்பதில்லை. உண்ணும் நெல் தீர்ந்தால் கடன் வாங்கலாம். விதைநெல் தீர்ந்தால் அடுத்த போகமே இல்லை. பக்கத்து வயற்காரனிடமும் அதே விதை இருந்தால், ஒருவர் வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் ஊரில் விதை தப்பும். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருவெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருப்பதன் ஆபத்தைக் கண்டவர் பலர்.

ஆகவே கணினி அறிந்தோர் கூறும் விதி ஒன்றுண்டு. அருமையான கோப்புக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். 60 படங்களுக்கு இது பெருஞ்செலவன்று. சிறியதொரு பென் டிரைவ் அவற்றைப் பலமடங்கு ஏந்தும்.

அன்றிரவு இளைஞன் அவ்வாறே செய்தான். படங்கள் சி டிரைவில் இருந்தவாறே இருந்தன. டி டிரைவில் ஒரு பிரதி அமைந்தது. மற்றொரு பிரதியைப் பென் டிரைவில் ஏற்றி, வவுனியாவில் வாழும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தான். தாய் அந்தச் சிறு பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து, “இதுக்குள்ளயோ அவன் இருக்கிறான்?” என்று கேட்டாளாம். மகன் கணினியைத் திறந்து படத்தைக் காட்டினான். பின்னர், காலையில் ஒப்படைக்க வேண்டிய வீட்டுப் படத்தை வரையத் தொடங்கினான்.

இடம் செய்வதென்பது, இருப்பவற்றை எடைபோட்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைப்பது. பெருகிவரும் நீருக்குக் கீழ்க்குளம் வேண்டும். விதைநெல்லுக்குத் தனிக் காப்பு வேண்டும். குளத்தையும் வயலையும் அறிந்த மக்களுக்குக் கணினி புதியதாயினும், அதனைப் பேணும் அறிவு அவர்களுக்குப் பழையதே.